ஜெபத்தில் உட்கார்ந்தால் மனம் ஓடுகிறதா? காலைத் தியான நேரத்தைக் காத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

ஜெபிக்க முழங்கால்படியிட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சிலிண்டர் புக் பண்ணியாயிற்றா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எது, நேற்று நாத்தனார் ஏன் அப்படிப் பேசினாள் என்று மனம் கிளம்பிவிடும். உடனே "எனக்கு பக்தி குறைந்துபோச்சு" என்று நொந்துகொள்கிறவர்கள் அதிகம். அநேகமாய் அங்கே குறைவாக இருப்பது ஆயத்தம்தான். 86-ம் சங்கீதத்தில் தாவீதே, "நான் உமது நாமத்திற்குப் பயந்திருக்கும்படி என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்று மன்றாடுகிறார். சிதறுகிற இருதயம் அவருக்கும் இருந்தது. ஒருமுகப்படுத்துவது கர்த்தர் செய்கிற வேலை. "காலையிலே உமக்கு நேரே வந்து ஆயத்தமாகி, காத்திருப்பேன்" என்று 5-ம் சங்கீதம் சொல்கிறபடி ஆயத்தமாகி வந்து உட்காருவது நம் பங்கு. அந்தப் பங்கை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முந்தின ராத்திரியே தொடங்குங்கள்

காலை 5.30 மணித் தியானம் தோற்பது பெரும்பாலும் முந்தின இரவு 11 மணிக்கு. கட்டிலில் படுத்தபடி போனைத் தள்ளிக்கொண்டே இருந்து 12.30-க்குத் தூங்கினவருக்கு எந்த முறையும் உதவாது. ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றால் பத்து, பத்தரைக்குள் விளக்கு அணைய வேண்டும். இதை ஆவிக்குரிய காரியமாகவே எண்ணுங்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கோரின எலியாவுக்குக் கர்த்தருடைய தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், அவர் மறுபடியும் படுத்துத் தூங்க விட்டான் (1 இராஜாக்கள் 19).

சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து ஹாலிலோ சமையலறையிலோ மாட்டிவிடுங்கள். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். போனில் அலாரம் வைத்தால், அதை அணைக்கத் தொடுகிற விரல் அப்படியே வாட்ஸ்அப்புக்குள் போய்விடும். அச்சிட்ட வேதாகமம், ஒரு நோட்டு, பேனா, தனியாக ஒரு துண்டுத்தாள், தேவையானால் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றையும் உட்காரும் இடத்திலேயே எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். வாசிக்கப்போகிற பகுதியில் அடையாள நாடாவையும் போட்டுவிடுங்கள். காலையில் "இன்றைக்கு எதை வாசிக்கலாம்" என்று புரட்ட ஆரம்பித்தால் பத்து நிமிஷம் அதிலேயே போய்விடும்.

இடம் ஒன்றாகவே இருக்கட்டும். கட்டில் வேண்டாம், தூக்கம் வரும். டிவிக்கு எதிரே உள்ள சோபாவும் வேண்டாம். சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி போதும். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிறீர்களா? மொட்டை மாடி, மாடிப்படியின் மேல்தட்டு, காலையிலேயே திறந்துவிடுகிற ஆலயம், இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும். "அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று ஆண்டவர் சொன்னதைப் பூட்டுகிற கதவே இல்லாதவர்களும் இப்படிக் கைக்கொள்ளலாம். "அஞ்சரையிலிருந்து ஆறு வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டு, கூப்பிட்டதும் எரிந்துவிழுவதில் பிரயோஜனமில்லை.

25 நிமிஷத்தை எப்படிச் செலவிடுவது

முதலில் 2 நிமிஷம் மௌனம். 86-ம் சங்கீதத்தின் அந்த 11-ம் வசனத்தையே வாய்விட்டு ஜெபமாகச் சொல்லுங்கள். அடுத்த 10 நிமிஷம் வாசிப்பு: 15 முதல் 20 வசனம், இரண்டு தடவை. முதல் தடவை சத்தமாக, இரண்டாம் தடவை மெதுவாக. சத்தமாக வாசிக்கும்போது கண்ணும் நாவும் காதும் சேர்ந்து வேலை செய்வதால் மனம் நழுவுவது குறைகிறது. பிறகு 5 நிமிஷம் நோட்டில் மூன்றே வரி: இந்தப் பகுதி தேவனைப் பற்றி என்ன சொல்கிறது, எனக்கு என்ன சொல்கிறது, இன்று நான் செய்யவேண்டிய ஒன்று என்ன. அந்த மூன்றாவது வரி குறிப்பாக இருக்க வேண்டும். "அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் பத்து மணிக்கு மறந்துபோகும். "மத்தியானம் அத்தைக்குப் போன் பண்ணி உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டும்" என்று எழுதினால் செய்வீர்கள். மீதி 8 நிமிஷம் ஜெபம்: வாசித்ததிலிருந்து எடுத்த ஸ்தோத்திரம், பாவ அறிக்கை, மற்றவர்களுக்கான விண்ணப்பம், கடைசியில் சொந்தத் தேவைகள்.

புதிதாகத் தொடங்குகிறவர் இதை 15 நிமிஷமாகக் குறைத்துக்கொள்ளலாம். எழுப்புதல் கூட்டத்தில் உணர்த்தப்பட்டு மறுநாளே "தினமும் ஒரு மணி நேரம்" என்று பொருத்தனை பண்ணுகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவதைச் சபைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். 15 நிமிஷம் இரண்டு மாதம் தவறாமல் நின்றபிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள்.

எதை வாசிப்பது? மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம். தினம் பாதி அதிகாரம் வைத்தால் 32 நாளில் முடியும். தொடக்கத்திற்கு அதுதான் எங்கள் சிபாரிசு. அதற்குப் பிறகு புதிய ஏற்பாடு முழுவதும்: மொத்தம் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று என்றால் 52 வாரத்தில் கச்சிதமாக முடிகிறது. ஒரு முழு அதிகாரத்தை ஒரு தடவை வாசித்து, அதில் ஏழெட்டு வசனத்தை மட்டும் மறுபடி நிதானமாக வாசியுங்கள். சனிக்கிழமை விட்டுப்போனதற்கு, ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கப்படும் பாடத்திற்கு.

முழு வேதாகமத்தையும் ஒரே வருஷத்தில் முடிக்க நினைத்தால் 1189 அதிகாரம், தினம் மூன்றுக்கு மேல். ஆதியாகமத்தில் ஜனவரி 1 அன்று தொடங்குகிறவர்கள் மாதக் கடைசியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளிலும் லேவியராகமத்தின் பலிகளிலும் நின்றுபோகிறார்கள். பழைய ஏற்பாட்டோடு கூடவே புதிய ஏற்பாட்டையும் வாசித்தால் இந்தத் தேக்கம் வராது. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரப் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மக்ஷேன் தன் சபையாருக்காக 1842-ல் கொடுத்த அட்டவணை அப்படிப்பட்டது: தினம் நான்கு இடங்களிலிருந்து வாசிப்பு, வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. நல்ல அட்டவணைதான், ஆனால் 25 நிமிஷத்தில் அடங்காது. மனம் மிகவும் சிதறிக் கிடக்கிற நாட்களில் 119-ம் சங்கீதம் கைகொடுக்கும்: எட்டெட்டு வசனமாக 22 பகுதி, 22 நாள்.

மனம் ஓடும்போது

ஓடுகிற எல்லா எண்ணமும் ஒரே மாதிரியானதல்ல. வேலைகள் ஞாபகத்துக்கு வருவது ஒரு வகை. அதற்குத்தான் அந்தத் துண்டுத்தாள். "கரண்ட் பில்", "கேஸ்" என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு விட்ட வசனத்துக்குத் திரும்புங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனம் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. தாளில் ஏறியதும் பிடியை விட்டுவிடும். இதைப் போனில் குறிக்காதீர்கள்.

கவலை வேறு. மகளின் வரன், கடன், ஸ்கேன் ரிப்போர்ட் போன்றவற்றைத் தள்ளிவைக்க முயன்றால் இன்னும் பலமாக வரும். அதையே அன்றைய ஜெபமாக்கிவிடுங்கள். பிலிப்பியர் 4:6 "எல்லாவற்றையுங்குறித்து" என்றுதான் சொல்கிறது. ஆனால் விவரமாகச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, வியாழக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லும்போது நான் பதறாமல் கேட்க பெலன் தாரும்." இப்படிச் சொல்லி முடித்த கவலை அநேக நேரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் மறுபடி சொல்லுங்கள்.

ஒரு ஆளின் முகம் திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கவனச்சிதறல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று "அங்கே நினைவுகூருவாயாகில்", காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5:23, 24). ஜெபத்தில் நினைவுக்கு வந்த அந்தப் பெயரை நோட்டின் மூன்றாவது வரியில் எழுதுங்கள். அன்றே பேச வழி பாருங்கள்.

அசுத்தமான எண்ணங்களோடு வாதாடிக்கொண்டு உட்காராதீர்கள். எழுந்து நின்று ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். தூக்கத்துக்கும் அதே வைத்தியம்தான்: கண் சொருகினால் நின்றுகொண்டோ, நடந்துகொண்டோ ஜெபியுங்கள். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கினபோது "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று சொன்ன ஆண்டவர் உங்கள் சரீரத்தையும் அறிவார்.

இருபது தடவை மனம் ஓடினால் இருபது தடவை திரும்பி வாருங்கள். "சே, மறுபடியும் ஓடிட்டேனே" என்று உங்களையே திட்டிக்கொண்டிருப்பதும் ஒரு கவனச்சிதறல்தான். 4-ம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி இப்படி மனம் அலைபாய்வதை நுணுக்கமாக விவரித்திருக்கிறார்: சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார், அறையைவிட்டு வெளியே வந்து பார்ப்பார், பிறகு இந்த இடமே சரியில்லை, வேறிடம் போனால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் வரும். அதற்கு அவர் சொன்ன மருந்து, அறையைவிட்டுப் போகாமல் அங்கேயே நிலைத்திருப்பது. நமக்கும் அதுதான். வைத்த நேரம் முடியும்வரை, ஒன்றும் உணராவிட்டாலும், நாற்காலியைவிட்டு எழாதீர்கள்.

போனும், போன் வழியாக வரும் வசனங்களும்

தியானம் முடியும்வரை போன் வேறு அறையில், ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். வீட்டில் நோயாளியோ, வெளியூரில் வயதான பெற்றோரோ இருந்தால் ஏரோபிளேன் மோடு வேண்டாம், அந்த அழைப்புகளுக்கு மட்டும் வழி விடுங்கள். வேதாகமத்தையே போனில்தான் வாசிக்க முடியும் என்றால் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுத் திறங்கள். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்று அமைப்புகளிலேயே இருக்கிறது. நேரத்தைத் தின்கிற செயலிகளுக்குத் தினசரி வரம்பு வைக்கலாம்.

சபைக் குழு, வாலிபர் குழு, குடும்பக் குழு எல்லாவற்றிலும் காலையில் பூப்படத்தோடு வாக்குத்தத்த வசனம் வரும். அனுப்புகிறவர்கள் அன்போடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு வசனத்தில் ஐந்து நிமிஷம் நிற்பதற்கு முன் முப்பது வசனத்தைத் தள்ளிப் பார்த்தால், ஒன்றும் உள்ளே இறங்காமலே "வேதம் வாசித்துவிட்டேன்" என்ற திருப்தி வந்துவிடும். அந்தக் குழுக்களை மியூட்டில் போட்டு எட்டு மணிக்குமேல் பாருங்கள். நீங்கள் தியானித்த வசனத்தையும் உடனே ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். இதை எப்படிப் போடலாம் என்ற யோசனை வாசிக்கும்போதே புகுந்துவிடும். ஒரு நிமிஷப் பிரசங்கத் துணுக்குகளும் அப்படியே. வாரத்துக்கு ஒரு பிரசங்கத்தை நோட்டோடு உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள், அது போதும்.

சபை வேலையே இடைஞ்சலாகும்போது

இதைச் சொல்ல அநேகர் தயங்குகிறார்கள். மார்த்தாள் செய்தது பாவமான காரியமல்ல, ஆண்டவருக்கே செய்த உபசரிப்பு. அப்படியிருந்தும் "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் ஆண்டவர் அவளிடம் சொன்னார். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், சபை விருந்தைக் கவனிக்கிற அசனக் கமிட்டி, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் என்று ஐந்திலும் பெயர் இருக்கிறவருக்கு வேதத்தைத் திறக்க நேரமிருக்காது. இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் பேசக் குறிப்பு எடுக்கத்தான் திறப்பார். ஒருவருக்கு ஒரு பெரிய பொறுப்பு, ஒரு சிறிய பொறுப்பு போதும். எருசலேமில் பந்தி விசாரிப்புக்கு அப்போஸ்தலர் ஏழுபேரை ஏற்படுத்தியது, தாங்கள் ஜெபத்திலும் தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியத்திலும் தரித்திருக்கத்தான் (அப்போஸ்தலர் 6). மறுப்பதை மரியாதையாகவே சொல்லலாம்: "ஐயா, இந்த வருஷம் ஞாயிறு பள்ளி மட்டும் எடுத்துக்கிறேன். அசனக் கமிட்டிக்கு வேற யாரையாவது போடுங்க." டிசம்பர் மாதம் முழுக்க ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் தியானத்தைப் பத்து நிமிஷமாகச் சுருக்கட்டும், விட்டுவிட வேண்டாம்.

அதிகாலை எல்லாருக்கும் வாய்க்காது. கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்குப் பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் ஒன்பதரை மணி சரியாக இருக்கலாம். கணவர் தினம் இருபது நிமிஷம் குழந்தையை வாங்கிக்கொண்டால் அதுவே பெரிய உதவி. இதை மனைவி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரவுப்பணி பார்க்கிறவருக்குத் தூங்கி எழுகிற மத்தியானம்தான் காலை. சமைத்துக்கொண்டே ஒலி வேதாகமம் கேட்பது நல்லது, ஆனால் தாளிக்கிற சத்தத்தில் பாதி போய்விடும். அமர்ந்து வாசிப்பதோடு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் பங்கை வாசிக்க முயலாதீர்கள். பாக்கி சேரச்சேர வேதத்தைத் திறக்கவே கூச்சம் வரும். அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். வாரக்கணக்கில் வறட்சியாகவே இருந்தால் தூக்கம், உடல்நிலை, மறைத்துவைத்திருக்கிற பாவம், ஆறாத துக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்கள் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தூக்கமும் பசியும் போய், எதிலும் நாட்டமில்லாமல் வாரங்கள் கடந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

நம்பிக்கையான ஒரே ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிஷப் போன் போதும். "தியானம் பண்ணினீங்களா?" என்று கேட்டால் "ம், பண்ணினேன்" என்று முடிந்துவிடும். "இந்த வாரம் நோட்டில் மூன்றாவது வரியாக என்னென்ன எழுதினீங்க, அதில் எதைச் செய்தீங்க?" என்று கேளுங்கள்.