கடைசி ஒரு யார்டைக் கைவிட வைக்கும் தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. 10 யார்டு நகர நான்கு வாய்ப்பு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் 9 யார்டு வந்தாகிவிட்டது. மீதி ஒரே ஒரு யார்டு, அதாவது 3 அடி. முன்னால் ஆளுக்குச் சுமார் 140 கிலோ எடையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். அந்த 3 அடி எப்படிக் கிடைக்காமல் போகும்?

பல வருடங்களாக இந்த ஆட்டங்களை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்த்து வருகிறேன். தடுக்கும் அணி பறித்துக்கொண்ட யார்டைவிட, ஆடும் அணி தானே விட்டுக்கொடுத்த யார்டுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தவறுகளில் பாதி, வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னுக்குக் கொடுக்கும் சென்டரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. மீதி, அடுத்த அரை நொடியில்.

முதல் தவறு, நிமிர்வது. சகதியில் மாட்டிய வண்டியைத் தள்ளுபவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தள்ளமாட்டார். முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, தோளைத் தாழ்த்தித்தான் தள்ளுவார். முன்வரிசையில் நிற்கும் அந்த ஐவரின், அதாவது லைன்மேன்களின், வேலையும் அதேதான். எதிராளியின் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொண்டுபோனவர் அவரை மேல்நோக்கித் தூக்கலாம். தூக்கப்பட்டவரின் எடை அதன்பிறகு அவருக்கு உதவாது. ஆனால் களைப்பில், பதற்றத்தில், பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் உடம்பு தானாக எழுந்துவிடும்.

இதற்கு நல்ல சாட்சி 1967 டிசம்பர் 31, கிரீன் பே நகரின் லாம்போ மைதானம். வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரை கண்ணாடிபோல் உறைந்திருந்தது. டல்லாஸ் கவ்பாய்ஸ் 17, கிரீன் பே பேக்கர்ஸ் 14. இன்னும் 16 நொடி, எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டுக்கும் குறைவு, கையில் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் இல்லை. அதற்கு முன் இரண்டு முறை ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பனிக்கட்டியில் காலூன்ற முடியவில்லை. மூன்றாவது முறை, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தைத் தானே வைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். வழி திறந்தவர்கள் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்ட் ஜெர்ரி கிரேமரும் சென்டர் கென் போமனும். எதிரே நின்றவர் ஜெத்ரோ ப்யூ. குறைந்த தூர ஆட்டங்களில் ப்யூ சற்று நிமிர்ந்து எழுகிறார் என்பதை அந்த வாரம் படச்சுருள் பார்த்தபோதே கிரேமர் கவனித்துச் சொல்லியிருந்தார். கிரேமர் அவருக்குக் கீழே புகுந்தார். 21–17. அத்தனை பெரிய ஆட்டம் தீர்ந்தது யாருடைய தோள் தாழ்ந்திருந்தது என்பதில்.

ஆனால் தாழ்வாகப் போவது வேறு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாய்வது வேறு. முதல் மோதலிலேயே எல்லாப் பலத்தையும் கொட்டி முன்னால் விழுபவரை எதிராளி ஒரு கையால் தட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார். கண் மேலே பார்க்க வேண்டும். கால்கள் சின்னச் சின்ன அடிகளாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கால் நின்றால் தள்ளு நின்றது. கைகளும் எதிராளியின் நெஞ்சுக்குள் இருக்க வேண்டும். தோளுக்கு வெளியே போய்ச் சட்டையைப் பிடித்தால் ஹோல்டிங், 10 யார்டு தண்டனை. ஒரு யார்டு கேட்டு வந்தவர்கள் இப்போது 11 யார்டு தேட வேண்டும்.

அடுத்தது, எனக்குப் பார்க்கவே மனம் வலிக்கும் தவறு: உள்பக்க இடைவெளியைத் திறந்து விடுவது. சாதாரண ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு யார்டு ஆட்டத்தில் முதலில் காக்க வேண்டியது ஆளை அல்ல, சென்டருக்கும் தனக்கும் நடுவிலுள்ள இடத்தை. தடுக்கும் அணி வெளிப்பக்கம் வழியாக வந்து சேர நேரம் பிடிக்கும். உள்ளே புகுந்தவர் ஒரே எட்டில் பந்தைத் தொட்டுவிடுவார். அதனால்தான் இந்த நேரத்தில் லைன்மேன்கள் காலோடு கால் ஒட்டி நெருங்கி நிற்கிறார்கள். முதல் அடியை உள்நோக்கி வைக்கிறார்கள். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தேடிக்கொண்டு, கூட்டாகத் தள்ள வேண்டிய ஆளைப் பாதியில் விட்டு ஓடும் கார்டை அடிக்கடி பார்க்கலாம். அவர் தேடிப் போன ஆள் எப்படியும் நடுவுக்குத்தான் வரப்போகிறார். இருவர் சேர்ந்து தொடங்கிய தள்ளலை இருவரும் முடிக்கட்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், பயிற்சியாளரே தூரத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. ஷாட்கன் அமைப்பில் குவாட்டர்பேக் சுமார் 5 யார்டு பின்னால் நிற்கிறார். வேண்டியது ஒரு யார்டு. பந்தை 5 யார்டு பின்னுக்கு அனுப்பி, பிறகு ஓட்டக்காரரிடம் கொடுத்து, அவர் 6 யார்டு ஓடி வர வேண்டும். அதுவரை ஐவரும் தடுப்பைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். எதிரணி நடுவைக் காலியாக விட்டுப் பரந்து நின்றால் இது பலிக்கும். நடுவை அடைத்துக்கொண்டு நிற்கும்போதும் இதையே செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி இதன் எதிர்முனை. குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் சென்டரின் முதுகோடு ஒட்டி நிற்பார்; பந்து வந்ததும் பின்னாலிருந்து இருவர் தள்ளுவார்கள். பந்து வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து தள்ளக் கூடாது என்றிருந்த விதியை அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் 2005-இல் நீக்கியதால் இது சாத்தியமானது. 2025 மே மாதம் இதைத் தடைசெய்யப் பேக்கர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 22 அணிகள் ஆதரவு தந்தன. 24 தேவை என்பதால் தோற்றது. பின்னால் தள்ளுபவர்கள்தான் இதன் ரகசியம் என்று நினைத்துப் பலர் நகலெடுத்தார்கள். 2023 அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் முயன்றபோது ஒரே முயற்சியில் அவர்களின் சென்டரும், வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு டைட் எண்டும் காயமடைந்தார்கள். ஈகிள்ஸிடம் இருந்தது ஜேசன் கெல்சி, லாண்டன் டிக்கர்சன், சிட்னியில் ரக்பி லீக் ஆடி வளர்ந்த ஜோர்டன் மைலாட்டா, அப்புறம் 600 பவுண்டு எடையுடன் உட்கார்ந்து எழும் குவாட்டர்பேக். அவர்கள் எல்லோரும் ஒரே நொடியில், ஒரே உயரத்தில் கிளம்புவார்கள். தள்ளுவது அதற்குப் பிறகுதான் பயன்படும்.

ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போவது இன்னொரு பிழை. 2025 ஜனவரி 26, என்எஃப்எல்லின் இரு பிரிவுகளில் ஒன்றான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டம். நான்காம் கால்பகுதியின் தொடக்கத்தில் பஃபலோ பில்ஸ் 22–21 என்று முன்னிலை; நான்காவது டவுன், ஒரு யார்டுக்கும் குறைவு. குவாட்டர்பேக் ஜோஷ் ஆலன் வழக்கம்போல் இடப்பக்கம் நுழைந்தார். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அங்கே காத்திருந்தது. பந்து கைமாறியது, ஆட்டம் 32–29 என்று பில்ஸின் கைநழுவிப் போனது. ஆலன் மாதிரி பலசாலி கிடைப்பது அரிது. அவர் வலப்பக்கமும் போவார் என்ற பயத்தை எதிரணிக்கு அந்தப் பருவத்திலேயே ஊட்டியிருக்க வேண்டும்.

அப்படியானால் எப்போதும் ஓடவே வேண்டுமா? 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுலை, அதாவது என்எஃப்எல் இறுதிப் போட்டியைச் சொல்லி எல்லோரும் அப்படித்தான் வாதிடுகிறார்கள். சியாட்டில் சீஹாக்ஸ் எல்லைக்கு ஒரு யார்டில், இரண்டாவது டவுன், அரை நிமிடத்துக்கும் குறைவு. பலம் மிக்க ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச் இருந்தும் குவாட்டர்பேக் ரசல் வில்சன் பந்தை வீசினார், நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பறித்தார், 28–24. எனக்கு அந்த முடிவு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. கையில் ஒரே டைம் அவுட். மூன்று முயற்சியும் வேண்டுமென்றால் குறைந்தது ஒன்று வீச்சாக இருந்தால்தான் கடிகாரம் இடம் தரும்; பிடிபடாத வீச்சு கடிகாரத்தை நிறுத்திவிடும். தவறு வீசியதில் இல்லை, எங்கே வீசினார்கள் என்பதில். சியாட்டிலில் முன்னால் நின்ற ஜெர்மெய்ன் கியர்ஸ் எதிராளியை மறிப்பார், பின்னால் ரிக்கார்டோ லாக்கெட் உள்ளே நழுவுவார் என்பது திட்டம். நியூ இங்கிலாந்தின் பிராண்டன் பிரவுனர் கியர்ஸை நின்ற இடத்திலேயே பிடித்து நிறுத்தினார். பட்லருக்கு வழி திறந்தது. அதே உத்தியைப் பட்லர் அந்த வாரப் பயிற்சியில் சந்தித்து ஏமாந்திருந்தார், அதனால் அடையாளம் கண்டுகொண்டார். கூட்டம் நிறைந்த நடுவில் வீசாமல் ஓரத்தில் வீசியிருந்தால், தவறினாலும் பந்து வெளியே போயிருக்கும்.

கடைசியாக, ரொம்பச் சாதாரணமாகத் தெரியும் ஒன்று: முன்கூட்டி அசைவது. எதிரணியைக் கிளப்பிவிடக் குவாட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கிக் கூவுவார். அதில் வரிசையின் ஓரத்தில் நிற்கும் தன் டேக்கிளே அசைந்துவிடுவார். 5 யார்டு போச்சு. நான்காவது டவுனில் ஒரு யார்டு என்பது ஆறாக மாறி, முயற்சியைக் கைவிட்டு, பந்தை உதைக்கும் ஆட்டக்காரர் உள்ளே ஓடி வருவார். கண்ணைத் திருப்பிப் பந்தைப் பார்த்துக் கிளம்பும் பழக்கமுள்ளவர்கள் இதில் குறைவாகவே மாட்டுகிறார்கள். காதை நம்புபவர்கள், எதிரணி மைதானத்தின் கூச்சலில், திரும்பத் திரும்ப மாட்டுகிறார்கள்.