மூன்று வருட நிதிக்கு எதைக் கேட்பது? நாள்பட்ட நோய்த் தடுப்பு ஆய்வு விண்ணப்பங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றை வருமுன் தடுக்கும் ஆய்வுகளுக்கு நிதி கேட்க இப்போது சில வழிகள் இருக்கின்றன. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தருகிறது. 2009-இல் தொடங்கப்பட்ட, ஐ.சி.எம்.ஆரும் உறுப்பினராக உள்ள ஜி.ஏ.சி.டி. என்ற, நாள்பட்ட நோய் ஆய்வுக்கு நிதி தரும் அமைப்புகளின் உலகக் கூட்டணி வழியாகவும் விண்ணப்ப அழைப்புகள் வருகின்றன. கரு, குழந்தைப் பருவம், விடலைப் பருவம், கர்ப்பம், முதுமை என்று வாழ்க்கைப் பருவங்களை ஒட்டித் தடுப்பது இதில் முக்கியமான துறை. நல்ல யோசனையோடு போகிற இளம் ஆய்வாளர்களின் விண்ணப்பம் திரும்பி வரும்போது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் யோசனையில் குறை இருப்பதில்லை, காலக் கணக்கில்தான் இருக்கிறது.

"மூன்று ஆண்டில் சர்க்கரை நோயும் மாரடைப்பும் குறையும்" என்று எழுதிக் கொடுப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். சீனாவின் டாச்சிங் ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு 1986-இல் உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி தொடங்கினார்கள். ஆறு ஆண்டுகள் கொடுத்தார்கள். 20-ஆவது ஆண்டில் கணக்கெடுத்தபோது இதயநோய் மரணங்களில் தெளிவான வித்தியாசம் இல்லை. 23-ஆவது ஆண்டில்தான் அது தெரிந்தது. 30 ஆண்டு முடிவில் இதய, ரத்தநாள நோய் மரணங்கள் 33 சதவீதம் குறைந்திருந்தன. சர்க்கரை நோய் வருவதும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. அதை மூன்று வருட நிதியில் காட்டுகிறேன் என்றால் மதிப்பீட்டாளர் எப்படி நம்புவார்?

உங்கள் காலத்துக்குள் மாறக்கூடியதை அளவிடுங்கள். கர்ப்பகால எடை, பிரசவத்துக்குப் பிந்தைய சர்க்கரை அளவு, இரண்டு வயதுக் குழந்தையின் வளர்ச்சி, புகையிலையை விட்டவர்களின் எண்ணிக்கை போன்றவை. அந்த மாற்றம் பிற்கால நோயோடு எப்படித் தொடர்புடையது என்பதற்கு முந்தைய ஆய்வுகளைச் சான்றாகக் காட்டினால் போதும். இன்னொரு வழி, ஏற்கெனவே நடக்கும் தொடர் ஆய்வுகளோடு சேர்ந்துகொள்வது. வேலூரில் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களையும், புனே கிராமங்களில் 1993 முதல் தாய்களையும், மைசூரில் 1997-98-இல் கர்ப்பிணியாக இருந்தவர்களின் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அங்கே இருபது, முப்பது ஆண்டுத் தகவல்கள் தயாராக இருக்கின்றன. அவர்களிடம் கேட்காமலே புதிதாக ஒன்றைத் தொடங்க நிதி கேட்பது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, ஒரு வயது வரம்பைப் போட்டுவிட்டு அதையே 'வாழ்க்கைப் பருவம்' என்று எழுதுவது. "10 முதல் 19 வயது வரை" என்றால் மட்டும் போதாது. அந்தப் பருவத்தில் என்ன மாறுகிறது, யாரை எங்கே சந்திக்க முடியும் என்று சொல்ல வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பிறகு அவர்களுக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆனால் தனக்காக ஆஸ்பத்திரிக்கு வர அந்தத் தாய்க்கு ஏது நேரம்? குழந்தையின் தடுப்பூசிக்கு 6, 10, 14-ஆவது வாரங்களில் வருவார். அன்றே தாய்க்கும் பரிசோதனை செய்ய ஏற்பாடு பண்ணுகிறோம் என்று எழுதினால் அந்தப் பருவத்துக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

அப்புறம், தாய்வீடு. நம் ஊரில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகள் தடுமாறுவது இங்கேதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அது வேறு மாவட்டமாக இருக்கலாம், வேறு மாநிலமாகவும் இருக்கலாம். பிரசவம் அங்கே நடக்கிறது, பிறப்பு எடையும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பதிவாகிறது. திரும்பி வருவது பல மாதம் கழித்து. இதை மறந்து, பத்துப் பேரில் ஒருவர் மட்டும் விடுபடுவார் என்று ஒப்புக்கு எழுதினால், களத்தில் வேலை பார்த்த எந்த மதிப்பீட்டாளரும் கண்டுபிடித்துவிடுவார். பதிவின்போதே தாய்வீட்டு முகவரி, அம்மாவின் கைபேசி எண், பிக்மி எண் (தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் அரசுப் பதிவு எண்) மூன்றையும் வாங்குவோம் என்று திட்டத்தில் எழுதுங்கள். அந்த ஊர்களுக்குப் போய்வர ஆகும் பஸ் செலவையும், களப்பணியாளரின் கூடுதல் நாட்களையும் பட்ஜெட்டில் காட்டுங்கள். பரிசோதனைக் கருவிக்கு லட்சக்கணக்கில் கேட்டுவிட்டு பயணத்துக்குச் சில ஆயிரம் ஒதுக்குவது பிறகு பெரிய தலைவலியாகும்.

ஏற்கெனவே நிரூபித்ததை மறுபடி நிரூபிக்க நிதி கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. 2006-இல் வெளியான சென்னை ஆய்வு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு, உணவு, நடைப்பயிற்சி மாற்றத்தால் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைவதைக் காட்டிவிட்டது. இன்றைய கேள்வி வேறு: அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார், எப்படி, எவ்வளவு செலவில் செய்வது? ஜி.ஏ.சி.டி. அழைப்புகள் இத்தகைய நடைமுறைப்படுத்தல் ஆய்வைத்தான் கேட்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். உங்கள் திட்டம் அவர்களுடைய வேலையில் எந்த இடத்தில் சேரும், நிதி நின்ற பிறகும் ஓடுமா என்பதைச் சுகாதாரத் துறையினரிடம் முதலிலேயே பேசி எழுதுங்கள். கடைசி வாரத்தில் வாங்கிய ஆதரவுக் கடிதத்தில் அந்த அவசரம் தெரிந்துவிடும்.

நோயின் சுமையைப் பக்கம் பக்கமாக எழுதவும் வேண்டாம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது மதிப்பீட்டாளருக்கும் தெரியும்.

கடைசியாக அனுமதிகள். வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் தேவைப்படும். தலையீட்டு ஆய்வு, அதாவது ஒரு சிகிச்சையையோ பயிற்சியையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் நபரைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பிள்ளைகளைச் சேர்த்தால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது: 7 முதல் 11 வயது வரை வாய்மொழிச் சம்மதம், 12 வயது முதல் எழுத்தில் சம்மதம். ஆய்வு நடக்கும்போதே 18 வயது நிரம்பினால் அவர்களிடம் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். பல ஆண்டு நீளும் ஆய்வில் இது கட்டாயம் வரும். இந்த அனுமதிகளுக்கு ஆகும் மாதங்களையும் முதல் நாளே கால அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.