வன்னியில் இரவு தங்கப் போகிறவர்களுக்கு

கடவுச்சீட்டு, விசா, பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதையெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது காணிக் கந்தோரையும், மணல் ஈ என்ற சின்னக் கடிபூச்சி தந்த புண்ணையும் பற்றி. போன ஆவணியில் ஒன்றால்தான் மற்றது வந்தது.

இலங்கை அரசு பெர்மிட்டில், அதாவது அனுமதிப் பத்திரத்தில், அப்பாவுக்குக் கொடுத்த காணி வவுனியாவுக்கு வடக்கே ஒரு குளத்தின் கீழ் இருக்கிறது. அப்பா போய் ஆறு வருசம். காணியைப் பார்ப்பது சித்தி. "நீ வந்து கையெழுத்து வைக்காட்டி காணி போயிடும். பிறகு என்னைக் கேக்காதை" என்று ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் சொன்னா. இரண்டு இரவு என்று கணக்குப் போட்டு இலண்டனிலிருந்து போனேன். பதினொரு இரவு தங்கினேன்.

முதல் நாள் காணி உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போயிருந்தார். பொதுமக்கள் தினத்தில்தான் ஆள் கதிரையில் இருப்பார் என்று வாசலில் நின்ற பெடியன் சொன்னான். அந்த நாளில் போனால் கோப்பு மற்றக் கட்டிடத்தில். கோப்பு வந்தபோது பெர்மிட்டில் அப்பாவின் பேர் 'ஐ'யில் தொடங்குகிறது, என் பிறப்புச் சான்றிதழில் 'அய்' என்று கிடக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டு போனேன். கிராம சேவகரின் கடிதத்தில் திகதி பிழை. பின்னுரித்தாளர், அதாவது அப்பாவுக்குப் பிறகு காணிக்கு உரியவர், யார் என்று ஆச்சியிடம் யாராவது கேட்டு எழுதியிருக்கிறார்களா என்றார்கள். ஆச்சி செத்து இருபது வருசம். என் அப்பா அந்த மண்ணில் கிணறு வெட்டியதை அங்கே யாரிடம் சொல்வது? ஐந்தாம் தடவை போய்த்தான் ஒரு முத்திரை விழுந்தது.

ஆகவே போக முன்னமே பேர் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெர்மிட்டின் மூலப்பிரதி, கிராம சேவகர் கடிதம் நாலையும் ஊரிலிருப்பவர் ஒருவர் முதலே கந்தோரில் காட்டட்டும். பொதுமக்கள் தினத்தில் காலை எட்டுக்கே போய் நில்லுங்கள். இரண்டு கிழமையாவது கையில் இருக்கட்டும்.

அந்தப் பதினொரு இரவும் காணிக்குள்ளேயே படுக்கச் சொன்னது சித்தி. ஆள் இருக்கிறது நாலு பேர் கண்ணில் பட்டால்தான் எல்லைக்காரன் வேலியை நகர்த்தமாட்டானாம். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருசம் அவ காவல் இருந்த இடம் அது. பொழுதுபட்டதும் மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, அரைக் காற்சட்டையோடு குளத்துக் காற்றில் இருப்பேன். சின்ன வயதில் அப்பாவோடு இருந்த அதே இடம். நுளம்பின் சத்தமே இல்லை என்று சந்தோசப்பட்டேன்.

மணல் ஈக்குச் சத்தமில்லை. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், நுளம்பில் மூன்றிலொரு பங்கு. பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரை கடிக்கும். மாட்டுப் பட்டி, ஈரமண், சுவர் வெடிப்பு, குப்பைச் சருகு அதன் இருப்பிடம். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் புகுந்துவிடும். மருந்து தோய்த்த, கண் சிறிய வலை வேண்டும். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, திறந்த தோலில் டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த பூச்சு. பறக்கப் பலமில்லாத பூச்சி, ஆகவே மின்விசிறியைக் கட்டிலுக்கு நேரே திருப்பிவிடுங்கள்.

கார்த்திகையில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு பரு. நோகவில்லை, அரிக்கவில்லை. தை மாதம் நடுவில் பொருக்குக் கட்டிய புண். குடும்ப வைத்தியர் இரண்டு முறை கிறீம் தந்தார். நான் எங்கே படுத்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பங்குனியில் வேறொரு வைத்தியர், "மாடுகளுக்குப் பக்கத்தில் இருந்தீர்களா?" என்று கேட்டார். புண்ணின் ஓரத்தைக் கீறிக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததில் ஒட்டுண்ணி தெரிந்தது. தோல் லீஷ்மேனியாசிஸ், மணல் ஈ கடித்துத் தொற்றும் நோய்.

அறிக்கையில் ஒட்டுண்ணியின் பேர் லீஷ்மேனியா டொனவானி என்று இருந்தது. அந்தப் பேர் டொனவன் என்ற வைத்தியருடையது, 1903இல் மதராஸ் அரசு மருத்துவமனையில் வேலை செய்தவர். பீகாரில் ஈரலையும் மண்ணீரலையும் பிடித்து ஆளைக் கொல்லும் காலா அசாரின் ஒட்டுண்ணி இதே இனம்தான். இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். பிறகு வடக்கில் நின்ற சிப்பாய்களிடம் கூடியது. 2008 முதல் வைத்தியர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். 2018இல் 3000 பேருக்கு மேல். அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை, குருநாகல் பக்கம் அதிகம், வன்னியிலும் உண்டு. தடுப்பூசி இல்லை. தொட்டால் தொற்றாது. ஆகவே போய்வந்து மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால், போன ஊரின் பேரை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

எனக்குக் கிழமைக்கு ஒரு ஊசி, புண்ணுக்குள்ளேயே. ஏழு கிழமை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் சித்தியின் கை நினைவுக்கு வந்தது. தேத்தண்ணி நீட்டும்போது மணிக்கட்டுக்கு மேல் இரண்டு புண், ஒன்றில் பொருக்கு. பதினொரு நாளும் கண்டேன், கேட்கவில்லை. உடனே ஃபோன் எடுத்தேன். "அது ரெண்டு வருசமா இருக்குத் தம்பி. நோகிறேல்லைத்தானே." ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் இலவசம் என்றேன். காசில்லாமல் இல்லை, கிழமைக்கொருக்கா பஸ் ஏறினால் அன்றைய கூலி போய்விடும் என்றா.

ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் ஆட்களின் கை கால்களைப் பாருங்கள். நீங்கள் பிடித்த வாகனத்திலேயே முதல் நாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், கந்தோர் அடுத்த நாளைக்கு நிற்கட்டும். நான் இப்போது ஓட்டோக்காரத் தம்பிக்கு மாதக்காசு அனுப்புகிறேன். போன செவ்வாய் சித்திக்கு ஐந்தாவது ஊசி. ஒரு புண் காய்ந்துவிட்டதாம். மற்றதைப் பற்றிக் கேட்டேன். பெர்மிட் எப்ப கைக்கு வரும் என்று கேட்டா.