வாட்டர்லூ ஆறடி மேசையில் அடங்காது: வார்கேமிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய போர்களைப் பொம்மைகளும் பகடையும் வைத்து மேசையில் ஆடுவதுதான் வார்கேமிங். 28 மில்லிமீட்டர் உயரத்தில் நெப்போலியன் காலத்துச் சிப்பாய் பொம்மைகள் ஒரு பெட்டி கைக்கு வந்ததும் வருகிற முதல் ஆசை, 1815-ல் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போரை ஆடிப் பார்க்க வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த ஆசையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

600 பேர் கொண்ட ஒரு பிரெஞ்சு பட்டாலியன் மூன்று வரிசையாக நிற்கிறது. வரிசைக்கு 200 பேர். தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் ஏறக்குறைய 120 மீட்டர் அகலம். மேசையில் அதே பட்டாலியனை 24 பொம்மைகளாக இரண்டு வரிசையில் வைத்தால் 24 சென்டிமீட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து மீட்டர். உங்கள் ஆறடி மேசை முழுக்கச் சேர்ந்தும் 900 மீட்டர்தான் வரும். வாட்டர்லூவில் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்ற முகப்போ நான்கு கிலோமீட்டர் அளவு. ஊகுமோன் பண்ணையையும் அதை ஒட்டிய தோப்பையும் வைத்தாலே மேசை நிறைந்துவிடும். நெப்போலியனுக்கு இடமில்லை.

ரூல் புக் தேர்வில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான் பிறக்கிறது. எந்தக் காலம், எந்தப் போர் என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்தப் போரில் யாருடைய குதிரையில் ஏறப் போகிறோம் என்று முடிவு செய்வதில்லை. எதிரிக் குதிரைப்படை பாய்ந்து வரும்போது தன் பட்டாலியன் சதுரமாக வேண்டுமா என்று பார்ப்பது கர்னலின் வேலை. பல பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேடுகளில் எதை எந்த மேட்டில் நிறுத்துவது என்பது ஜெனரலின் வேலை. இன்று சண்டை போடுவதா, இரவோடு இரவாகப் பின்வாங்குவதா என்பது பிரிட்டிஷ் தரப்புப் படைத்தலைவர் வெலிங்டனின் வேலை. மூன்றையும் ஒரே ஆள் செய்யவைக்கும் விதிகளில் எந்த வேலையும் உருப்படியாக நடக்காது.

நல்ல விதிகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கும். செயின் ஆஃப் கமாண்ட் உங்களை இரண்டாம் உலகப் போரின் ஒரு லெப்டினன்ட் ஆக்குகிறது. கையில் முப்பது நாற்பது பேர். பிளாக் பவுடர் சில பிரிகேடுகளைத் தருகிறது. ப்ளூஷர் என்ற விதித்தொகுப்பில் ஒரு கட்டை என்றால் ஒரு முழு பிரிகேட். அங்கே நீங்கள் படைத்தலைவர். வாட்டர்லூவை முழுசாக ஆட வேண்டுமென்றால் இப்படிப்பட்ட ஒன்றுதான் சரி. இல்லை, துப்பாக்கிப் புகையும் துப்பாக்கிமுனைக் கத்திச் சண்டையும்தான் வேண்டுமென்றால் ஊகுமோன் வாசற்கதவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஆடலாம். இரண்டுமே நல்ல ஆட்டம். இரண்டையும் ஒரே மேசையில் கேட்பதுதான் தவறு.

அடுத்தது, விவரம் கூடினால் உண்மைத்தன்மையும் கூடும் என்ற நம்பிக்கை. நான் முதலில் வாங்கிய விதிகளில் ஒரே ஒரு துப்பாக்கி வரிசைச் சூட்டுக்குத் தூரம், வேலி மறைப்பு, களைப்பு, படையின் தரம், முதல் சூடா இரண்டாம் சூடா என்று பதினொரு கூட்டல் கழித்தல்கள் இருந்தன. மூன்று மணி நேரத்தில் நான்கு சுற்று முடித்தோம். விளக்கை அணைக்கும்போது பார்த்தால், அன்று முழுவதும் எதிரி என்ன நினைக்கிறான் என்று ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை, அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது புதிய பாடமும் அல்ல. 1824-ல் ப்ருஷ்ய (ஜெர்மானிய) ராணுவ லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டைக் கொண்டுவந்தார். 1:8000 அளவு வரைபடம், பகடை, இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். பின்னால் வந்தவர்கள் அதில் விதிமேல் விதியாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் 1876-ல் ஜெனரல் வெர்டி டு வெர்னுவா, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டுப் போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்ற முறையை முன்வைத்தார். போரையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அட்டவணைகள் சலித்துப் போயிருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சொன்ன பேச்சைப் படைகள் உடனே கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. பிளாக் பவுடரில் ஒரு பிரிகேடுக்கு உத்தரவு போட்டால் இரண்டு பகடையின் கூட்டுத்தொகை தளபதியின் தர எண்ணுக்குள் விழ வேண்டும். அந்த எண் பெரும்பாலும் எட்டு. அப்படியென்றால் பத்தில் மூன்று தடவை அளவுக்கு உங்கள் படை நின்ற இடத்திலேயே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துக் கோபப்பட்டுப் புத்தகத்தையே மாற்றிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது நெப்போலியனின் ஜெனரல் தெர்லோன் கதையைத்தான். 1815 ஜூன் 16 பிற்பகல், அவருடைய கோர் (பெரிய படைப்பிரிவு), சுமார் 20,000 பேர், காத்ர் ப்ரா நாற்சந்தியில் சண்டையில் இருந்த மார்ஷல் நேவிடம் போய்க்கொண்டிருந்தது. நடுவழியில் நெப்போலியன் பக்கமிருந்து உத்தரவு வர, அவர் ப்ருஷ்யர்களோடு மோதிக்கொண்டிருந்த லீனியை நோக்கித் திரும்பியது. நே கடுப்பாகித் திரும்ப அழைக்க, மறுபடியும் காத்ர் ப்ராவுக்கே நடந்தது. இரண்டு இடத்திலும் போர் உச்சத்தில் இருந்தபோது அந்தப் படை சாலையில் இருந்தது. இப்படி ஒன்று நடக்கவே இடம் தராத விதிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பேஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீர்வு எளிது. பொம்மைகளை எந்த அளவுத் தட்டில், எத்தனை எத்தனையாக ஒட்டுவது என்பது விதிக்கு விதி மாறும். முந்நூறு பொம்மைக்குப் பெயின்ட் அடித்து ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து ஒட்டுவது வருத்தமான வேலை. அதனால் முதலில் காலண்டர் அட்டையை வெட்டி, ஒவ்வொன்றிலும் படையின் பெயரை எழுதி, இரண்டு ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். பிடித்தால் பொம்மை வாங்குங்கள். அதைவிட முக்கியம், உங்களோடு உட்கார்ந்து ஆடப் போகிறவர் எந்த விதியில் ஆடுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உலகிலேயே சிறந்த விதியை வாங்கி அலமாரியில் வைத்திருப்பதைவிட, பக்கத்துத் தெரு நண்பருக்குத் தெரிந்த சுமாரான விதி எவ்வளவோ மேல்.

தனித்தனிப் போர்களிலிருந்து கேம்பெயினுக்குப் போகும்போது

ஒரு போரின் முடிவு அடுத்த போரைப் பாதிக்கும்படி வரைபடத்தில் தொடர்ந்து ஆடுவதுதான் கேம்பெயின். இந்தப் பொழுதுபோக்கில் இதற்கு ஈடான சுகம் கிடையாது. ஆரம்பித்துப் பாதியில் கைவிடப்படுவதும் இதுதான் அதிகம்.

பெரும்பாலும் அளவுதான் காரணம். 1805 முதல் 1815 வரை ஐரோப்பா முழுவதும், எட்டுப் பேர், வரி வசூல், தானியக் கிடங்கு, குதிரை வளர்ப்பு என்று ஆரம்பிப்பார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் தன் கணக்குத் தாளை அனுப்பாமல் விடுவார். ஐந்தாம் வாரம் யாருமே அனுப்ப மாட்டார்கள். பெல்ஜியத்தில் 1815-ல் நடந்த படையெடுப்பு ஜூன் 15 முதல் 18 வரை நான்கே நாள். ஷார்லெருவாவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் சுமார் 50 கிலோமீட்டர். ஷார்லெருவா, காத்ர் ப்ரா, லீனி, நிவெல், ஜாம்ப்லூ, வாவ்ர், வாட்டர்லூ, பிரஸ்ஸல்ஸ் என்று எட்டுப் புள்ளி வைத்துச் சாலைக்குக் கோடு இழுத்தால் வரைபடம் தயார். நான்கு நாளில் யாரும் பட்டினியால் சாகப் போவதில்லை. உணவுக் கணக்கே வேண்டாம். ஒருவருடைய படை விவரம் ஒரு பக்கத் தாளில் அடங்கவில்லை என்றால் கேம்பெயின் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

நாங்கள் அதைத்தான் ஐந்து பேராக ஆடினோம். நெப்போலியன், ப்ருஷ்யர்களைத் துரத்தப் போன அவருடைய மார்ஷல் குரூஷி, வெலிங்டன், ப்ருஷ்யத் தளபதி ப்ளூஷர், அப்புறம் ஒரு நடுவர். வரைபடத்தை எல்லோர் முன்னாலும் விரித்து வைத்து ஆடுவது அடுத்த தவறு. அதைச் செய்யக் கூடாது என்பதில் நடுவர் உறுதியாக இருந்தார். ஒவ்வொருவரும் உத்தரவை வாட்ஸ்அப்பில் அவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அவர் தூரத்தைப் பார்த்து, குதிரைக்காரன் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, அதன் பிறகுதான் அடுத்தவருக்குத் தருவார். ஒரு புதன்கிழமை இரவு குரூஷியாக ஆடியவருக்கு ஒரு செய்தி வந்தது: “மேற்கே பீரங்கிச் சத்தம் கேட்கிறது. எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியவில்லை. ப்ருஷ்யர்கள் வடக்கே போனதாகக் கிராமத்து ஆள் சொல்கிறான்.” அவ்வளவுதான். மனுஷன் இரண்டு நாள் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தித்தபோது, பஸ்ஸில் போகும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஜூன் 18 அன்று உண்மையான குரூஷிக்கும் 33,000 பேரோடு இதே நிலைமைதான். சத்தம் வரும் பக்கம் போகலாம் என்று ஜெனரல் ஜெரார் வற்புறுத்தியும் அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அந்த வாரம்தான் எங்களுக்குப் புரிந்தது. மேசைமேல் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறவருக்கு அது புரிய வழியே இல்லை.

நடுவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் வேறு ஊரில் இருக்கும் நண்பரைக் கேளுங்கள். அவர் மேசைக்கு வரவே வேண்டியதில்லை.

தோற்ற படைக்கு என்ன ஆகிறது?

பல கேம்பெயின்களைக் கொன்றது இந்தக் கேள்விதான். மேசையிலிருந்து எடுத்த பொம்மைகள் எல்லாம் செத்தவர்கள் என்று கணக்கு வைத்தால், முதல் போரில் தோற்றவர் இரண்டாம் போருக்குப் பாதிப் படையோடு வருவார். மூன்றாவதுக்கு வரவே மாட்டார். இது விளையாட்டுக்கும் கேடு, சரித்திரத்துக்கும் பொருந்தாது. லீனியில் ப்ருஷ்யர்கள் தெளிவாகத் தோற்றார்கள். சண்டையில் விழுந்தவர்கள் போக 8,000 பேருக்கும் மேல் படையை விட்டே ஓடினார்கள். ப்ளூஷர் குதிரைக்கடியில் சிக்கி மயிரிழையில் தப்பினார். ஆனாலும் அந்தப் படை கிழக்கே தன் ஊர்ப்பக்கம் போகாமல் வடக்கே வாவ்ருக்குப் போனது. இரண்டே நாளில், 18-ஆம் தேதி மாலைக்குள், அதில் சுமார் 50,000 பேர் வாட்டர்லூவுக்கு வந்து சேர்ந்தார்கள். தோற்றவரை அழித்துவிடும் கேம்பெயின் விதியில் வாட்டர்லூவே நடந்திருக்காது.

எங்கள் ஏற்பாடு இது. களத்தைப் பிடித்தவருக்கு எடுத்த பொம்மைகளில் பாதி மறுநாள் திரும்பும். ஒழுங்காகப் பின்வாங்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு. குதிரைப்படை துரத்தத் துரத்த ஓடியவருக்கு ஒன்றும் இல்லை. இதனால் வேறொரு நல்லதும் நடந்தது: கடைசிப் பொம்மை வரை சண்டை போடும் பழக்கம் போனது. நாளைக்கும் படை வேண்டுமே என்ற நினைப்பில் எல்லோரும் நேரத்தோடு பின்வாங்க ஆரம்பித்தார்கள்.

சம பலம் என்ற பழக்கத்தையும் கேம்பெயினுக்குள் கொண்டுவராதீர்கள். லயன் ராம்பன்ட் போன்ற விதிகளில் ஆளுக்கு 24 புள்ளிக்குப் படை கட்டுவது ஒரு மாலைப் பொழுது ஆட்டத்துக்கு நன்றாக இருக்கும். கேம்பெயினில் நல்ல தளபதியின் வேலையே எதிரியைவிட இரண்டு மடங்கு ஆளோடு வந்து நிற்பதுதான். அப்படி வந்து நின்றவரிடம் புள்ளியைச் சமமாக்கச் சொன்னால் அவர் வரைபடத்தில் யோசித்ததெல்லாம் வீண். வெற்றி எது என்பதை மாற்றுங்கள். காத்ர் ப்ராவில் முதலில் நின்ற டச்சு-பெல்ஜிய டிவிஷன் சுமார் 8,000 பேர். எதிரே அதைப் போல இரு மடங்குக்கு மேல். அவர்கள் ஜெயிக்க வேண்டியதில்லை. வெலிங்டனின் மற்ற படைகள் வரும்வரை நாற்சந்தியை விடாமல் இருந்தால் போதும். ஆறு சுற்று தாக்குப்பிடி என்று வைத்தால் சிறிய பக்கம் ஆடுகிறவருக்குத்தான் ஆட்டம் அதிகம் ருசிக்கும். அதற்கும் வழியில்லாத அளவுக்கு, ஆயிரம் பேர் 20,000 பேரிடம் மாட்டிக்கொண்டால், மேசை போடவே வேண்டாம். நடுவர் இரண்டு பகடை உருட்டித் தீர்த்துவிடட்டும்.

கேம்பெயினுக்குத் தேர்ந்தெடுக்கும் விதி ஒரே மாலையில் முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1990-ல் வந்த டிபிஏ என்ற பண்டைக்காலப் போர் விதி இன்றும் இதற்குப் பெயர் போனது. பக்கத்துக்குப் பன்னிரண்டு பேஸ், சிறிய பலகை, ஒரு மணி நேரம். பண்டைக்காலப் போர் என்றால் ஒரே நாளில் மூன்று போர் முடித்து வரைபடத்தையும் நகர்த்திவிடலாம். நடுவில் விதியில் சந்தேகம் வந்தால் பகடை உருட்டி அப்போதைக்குத் தீர்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் புத்தகத்தைப் புரட்டுங்கள். கேம்பெயின் முடியும்வரை விதியை மாற்றாதீர்கள். ஜெயித்துக்கொண்டிருப்பவருக்கு அது தனக்கு எதிராகச் செய்தது போலவே தோன்றும். முடியும் தேதியையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அது ஜூன் 18 சூரிய அஸ்தமனம்.

அடுத்து நாங்கள் எடுத்திருப்பது 1751 ஆற்காடு. சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டிருக்க, கிளைவ் சென்னையிலிருந்து 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகளோடு கிளம்பி ஆற்காட்டைப் பிடித்தார். பிறகு சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் படைக்கு எதிராக ஐம்பது நாள் கோட்டைக்குள் தாக்குப்பிடித்தார். இது கேப்டன் அளவு ஆட்டம் என்பதால் ஷார்ப் பிராக்டிஸ் விதியை எடுத்துக்கொண்டோம். சென்னை, ஆற்காடு, வேலூர், செஞ்சி, புதுச்சேரி, திருச்சி என்று ஆறு புள்ளி போட்ட வரைபடம் ஒரு ஏ4 தாளில் அடங்கிவிட்டது. இந்தத் தடவை நடுவர் நான். குதிரைக்காரன் ஆற்காட்டிலிருந்து திருச்சிக்குப் போய்ச் சேர எத்தனை நாள் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.