லைசோசோமுக்குள்ள பிஹெச் அளக்கணுமா? நானோசென்சார் வெச்சு முதல் தடவை செய்றவங்களுக்கு

லைசோசோம் (செல்லுக்குள்ள கழிவை செரிக்கிற அமிலப் பை) பெரும்பாலும் ஒரு மைக்ரான் கூட இருக்காது, அதுக்குள்ள பிஹெச் மீட்டரை எங்க போய் விடுறது? அதனால செல்லையே சென்சாரை முழுங்க வைக்கிறோம். சில பத்து நானோமீட்டர்ல ஒரு பாலிஅக்ரிலமைடு உருண்டை, அதுல ரெண்டு சாயம்: பச்சை, அமிலம் ஏற ஏற மங்கும், சிவப்பு (ரோடமின்) அது பாட்டுக்கு அப்படியே இருக்கும். பச்சை மட்டும் இருந்தா, மங்கினது அமிலத்தாலயா, உருண்டை கம்மியா போனதாலயா, லேசர் பட்டு வெளுத்ததாலயான்னு தெரியாது. பச்சையை சிவப்பால வகுத்தா உருண்டை எத்தனைங்கிற குழப்பம் போயிடும், ஆனா ரெண்டு சாயமும் ஒரே மாதிரி வெளுக்காது, அதனால லேசரை குறைச்சே வைங்க.

முதல்ல சாயம். எல்லாரும் ஃப்ளூரசீனைத்தான் எடுப்பாங்க, அதோட பிகேஏ (சாயம் பாதிக்கு பாதி மாறுற பிஹெச்) 6.4 கிட்ட, அதுக்கு மேலயும் கீழயும் ஒரு யூனிட் வரைக்கும்தான் ஒழுங்கா காட்டும். லைசோசோமோ 4.5 முதல் 5. அதனால பிகேஏ 4.7 உள்ள ஆரிகான் கிரீன் எடுங்க.

அடுத்து, மீடியத்துல (செல் வளர்ற திரவம்) சென்சாரை கலந்து ராத்திரி முழுக்க விடுங்க, காலைல கழுவிட்டு சென்சார் இல்லாத மீடியத்துல இன்னும் மூணு நாலு மணி நேரம். இதை அவசரத்துல விட்டா பாதி உருண்டை எண்டோசோம்லயே (லைசோசோமுக்கு போற வழியில இருக்குற, அமிலம் கம்மியான பை) நிக்கும், பிஹெச் ஏறின மாதிரி தெரியும்.

படம்: பச்சைக்கு 488 நானோமீட்டர் லேசர், சிவப்புக்கு 561, ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணு. கெயினை (டிடெக்டர் வெளிச்சத்தை பெருக்குற அளவு) நடுவுல தொடவே தொடாதீங்க, நான் தொட்டேன், ஒரு நாள் டேட்டா குப்பைக்கு போச்சு. சென்சார் போடாத செல்லையும் படம் எடுங்க, பின்னணி வெளிச்சத்தை கழிக்க வேணும்.

இப்ப காலிபரேஷன் (எந்த விகிதம் எந்த பிஹெச்னு பொருத்துறது), உயிரே இதுலதான். வெறும் பஃபர்ல (பிஹெச் மாறாம நிக்கிற கரைசல்) வரைஞ்ச கோட்டை நம்பாதீங்க, செல்லுக்குள்ள சாயம் வேற மாதிரி நடந்துக்கும். பொட்டாசியம் அதிகமா உள்ள பஃபர்ல நைஜெரிசின் (பொட்டாசியத்தையும் புரோட்டானையும் சவ்வு தாண்டி மாத்தி விடுற மருந்து) போட்டா வெளிய என்ன பிஹெச்சோ உள்ளயும் கிட்டத்தட்ட அதே வந்துடும். 4ல இருந்து 6.5 வரைக்கும் அரை அரையா வெச்சு ஒவ்வொண்ணுக்கும் விகிதம் எடுங்க, எஸ் மாதிரி ஒரு வளைவு வரும், உங்க செல்லோட விகிதத்தை அதுல வெச்சு பிஹெச்சை படிச்சுக்கலாம்.

1978லயே ஓகுமா, பூல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளூரசீன் ஒட்டின டெக்ஸ்ட்ரானை (சர்க்கரைச் சங்கிலி) மேக்ரோஃபேஜ் (கிருமியை முழுங்குற) செல்லுக்கு ஊட்டி 4.7, 4.8னு அளந்துட்டாங்க. உங்களுக்கு 6 வந்தா உடனே பேப்பர் எழுத உக்காராதீங்க, கழுவினப்புறம் எவ்வளவு நேரம் விட்டீங்கன்னு பாருங்க. பாஃபிலோமைசின் போட்டும் ஒரு தடவை பாருங்க, லைசோசோமுக்குள்ள அமிலம் ஏத்துற புரோட்டான் பம்ப் நின்னு பிஹெச் ஏறணும், அப்பவும் நம்பர் அசையலைன்னா நீங்க அளக்குறது லைசோசோமே இல்ல.