கிங்ஸ் ஸ்கவுட் விருது: பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

பிரிட்டனில் 14 வயதில் எக்ஸ்புளோரர் சாரணராகச் சேரும் பிள்ளை முதலில் பிளாட்டினம், அப்புறம் டைமண்ட், கடைசியில் உச்ச விருதான கிங்ஸ் ஸ்கவுட் என்று படிப்படியாக ஏறலாம். 1909இல் தொடங்கிய இந்த உச்ச விருது, ராணி எலிசபெத் காலம் முழுக்க குயின்ஸ் ஸ்கவுட் என்று இருந்தது. 2022இல் பழைய பெயருக்குத் திரும்பியது. 16 வயதில் வேலையைத் தொடங்கலாம், 25ஆவது பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும். ஒன்பது வருஷம் இருக்கிறதே என்ற நினைப்புதான் பலரைக் கவிழ்க்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சமூக சேவை 12 மாதம். உடல் சார்ந்த பயிற்சி, திறன் வளர்ப்பு இரண்டில் ஒன்று 12 மாதம், மற்றது 6 மாதம். டைமண்டோ, டியூக் ஆஃப் எடின்பரோ என்ற இன்னொரு இளைஞர் திட்டத்தின் வெள்ளி விருதோ இல்லாமல் நேரே வந்தால் மேலும் 6 மாதம். இதற்கு நடுவில் ஜிசிஎஸ்இ, ஏ லெவல் என்ற பள்ளித் தேர்வுகள், பிறகு வேறு ஊரில் பல்கலைக்கழகம். 18 வயதில் எக்ஸ்புளோரர் பிரிவு முடிந்ததும் நெட்வொர்க் பிரிவுக்கு மாற வேண்டும். அந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் விட்டு, முக்கால்வாசி முடித்த விருதைக் கைவிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

அடுத்தது, செய்ததைக் குறித்து வைப்பது. எங்கள் குழுவில் ஒரு பையன் ஒரு வருஷம் வாராவாரம் பாட்மின்டன் ஆடினான். ஒரு நாள் கூடக் குறித்து வைக்கவில்லை. பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார், கையெழுத்துப் போட ஆளில்லை. அதற்குப் பிறகு எல்லோரிடமும் நான் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்துவிடுகிறேன்: தேதி, எவ்வளவு நேரம், என்ன செய்தோம் என்று ஒரு வரி போதும். சராசரியாக வாரத்துக்கு ஒரு மணி நேரம் கணக்கில் வர வேண்டும். மதிப்பீட்டாளர் யார் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். சித்தப்பாவிடம் மிருதங்கம் கற்றுக்கொண்டு அவரையே கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், குடும்பத்தார் மதிப்பிடக் கூடாது.

நம் வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. பரதநாட்டியம் உடல் சார்ந்த பிரிவில் வரும், மிருதங்கமும் வீணையும் திறன் பிரிவில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தால் அது சேவை. ஆனால் ஒரே மணி நேரத்தை இரண்டு பிரிவில் காட்ட முடியாது.

மலைப் பயணம்தான் எல்லோரும் பயப்படும் பகுதி. பெரியவர்கள் கூட வராமல் பழக்கமில்லாத நிலப்பரப்பில் 4 பகல், 3 இரவு. பிளாட்டினத்தில் 2 பகல், டைமண்டில் 3 பகல் என்று அதற்குப் பழக்கிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பவர்கள் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் மூடுபனி இறங்கியதும் தடுமாறுகிறார்கள். போனை நம்பாதீர்கள், வரைபடமும் திசைகாட்டியும் கையில் பழகியிருக்க வேண்டும்.

பையைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஹாலில் கொட்டிப் பாருங்கள். ஒரு பெண்ணின் பையிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாய், நாலு டின் கடலை, ஹேர் டிரையர், மூன்று ஜீன்ஸ் எல்லாம் வெளியே வந்தன. ஊறுகாய் அம்மாவின் அன்பு, அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினோம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடம்பைக் குளிரவைக்கும், அதனால் மூன்றும் வீட்டிலேயே தங்கின. மொத்த எடை உடல் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. புது பூட்ஸை முதல் நாள் மலையில் மாட்டுவது கொப்புளத்தை அழைப்பதுதான், ஒரு மாதம் முன்பே பள்ளிக்கும் கடைக்கும் போட்டு நடக்கட்டும்.

வெளியில் தங்கும் இரவுகள் 18, அதில் 12 கூடாரத்தில். குடும்பத்தோடு போன சுற்றுலா இதில் சேராது. பழக்கமில்லாத இடத்தில், முன்பின் தெரியாதவர்களோடு 5 பகல், 4 இரவு தங்கிச் செய்யும் வேலையும் தனியாக உண்டு. அதற்கு உயிர்த் தோழியோடு சேர்ந்து பெயர் கொடுக்காதீர்கள். கோடை விடுமுறை இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், குளிர்காலத்திலேயே விண்ணப்பித்து விடுங்கள்.