கருமணல் எல்லாம் மோனசைட் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் கடற்கரைகளில் பெரிய அலை வடிந்த பிறகு ஈர மணலில் கறுப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடுகள் தெரியும். அதைப் பார்த்ததும் நம்மாட்களில் ஒருவராவது "மணவாளக்குறிச்சி மணல் மாதிரியே இருக்கே, இதிலேயும் தோரியம் இருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார். வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் செய்கிற வேலை இது. மணவாளக்குறிச்சி இருக்கும் கன்னியாகுமரிக் கரையில், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் என்ற கனிமம் நிறைய இருப்பது உண்மைதான். அதை அப்படியே டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவந்து பொருத்துவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

மோனசைட் கறுப்பாக இருக்காது. தேன் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை இருக்கும். பிசின் போல மினுங்கும். கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் டைட்டானியத் தாதுவான இல்மனைட், கொஞ்சம் இரும்புத் தாதுவான மேக்னடைட். சிவப்பாகத் தெரிவது கார்னெட் என்ற கனிமம். டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே பக்கத்து மணல்மேடுகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து தோண்டிவருவதும் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் ஆகிய கனிமங்களுக்காகத்தான். அங்கே மோனசைட் உண்டு, ஆனால் மிகச் சொற்பம்.

அடுத்தது, தட்டில் அலசிப் பார்த்து முடிவு கட்டுவது. தங்கம் தேடுகிறவர்கள் செய்வது போல மணலை நீரில் சுழற்றினால் லேசான குவார்ட்ஸ் போய்விடும். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்குதான். ஆனால் அடியில் தங்குவது மோனசைட் மட்டுமா? மோனசைட்டின் அடர்த்தி 5க்குப் பக்கம். இல்மனைட்டும் சிர்கானும் 4.7 அளவில் நிற்கின்றன. இவற்றைத் தண்ணீரால் பிரிக்க முடியாது. ஆலைகளில் மணலை உலர்த்தி, மின்புலத்தில் விடுவார்கள். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஒரு பக்கம் போகும். கடத்தாத சிர்கானும் மோனசைட்டும் இன்னொரு பக்கம் சேரும். அப்புறம் வலுவான காந்தம். மோனசைட் அதற்கு லேசாக இழுபடும், சிர்கான் அசையாது. ஆக, ஒரே ஒரு குணத்தை வைத்து இந்தக் கனிமத்தைப் பிடிக்கவே முடியாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மணலில் ஓட்டி, ஒட்டியதை மோனசைட் என்பவர்கள் மேக்னடைட்டைத்தான் வழித்துக்கொண்டு போகிறார்கள்.

கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவி வாங்கியவர்களின் கதை வேறு. அது டிக் டிக் என்றால் மோனசைட் உறுதி என்று நினைப்பார்கள். சிர்கானிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் உண்டு, கிரானைட்டிலும் உண்டு. கருவி கதிரியக்கம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், கனிமத்தின் பெயரைச் சொல்லாது.

கடற்கரையில் மட்டுமே தேடுவதும் தவறுதான். மோனசைட் பிறப்பது பாறையில். கிரானைட், நைஸ் போன்ற பாறைகளில் சிறு துகள்களாக இருக்கும். பாறை சிதையும்போது மற்றவை கரைந்தும் நொறுங்கியும் போக, இது மட்டும் பிடிவாதமாகத் தங்கி ஆறு வழியாகக் கடலுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவின் பேர்பெற்ற மோனசைட் கடல் மணலில் கிடைப்பதில்லை. கேப் டவுனுக்கு வடக்கே சுமார் 350 கி.மீ. தொலைவில், வறண்ட நிலத்தில் ஸ்டீன்காம்ப்ஸ்க்ரால் என்ற இடத்தில், பாறைக்குள் நரம்பாக ஓடுகிறது. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழமை. 1952 முதல் 1963 வரை அங்கே சுரங்கம் நடந்தது, முக்கியமாகத் தோரியத்துக்காக. இன்று ஆட்கள் அந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பது நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களுக்காக. மின்சாரக் கார் மோட்டார்களின் காந்தங்களுக்கு அவை வேண்டும். தோரியம் இப்போது தொல்லை பிடித்த உபரியாகிவிட்டது. மோனசைட் என்றால் தோரியம் மட்டுமே என்று பேசுபவர்கள் இன்னும் அந்தப் பழைய காலத்திலேயே நிற்கிறார்கள். வேதியியல்படி அது சீரியம், லாந்தனம், நியோடிமியம் சேர்ந்த பாஸ்பேட். தோரியம் அதில் கலந்து வருவது, பொதுவாகச் சில சதவீதம்.

அந்தச் சில சதவீதத்தை அலட்சியம் செய்வது ஒரு தவறு, அதைக் கண்டு கடற்கரைக்கே போக மறுப்பது இன்னொன்று. மணலில் நடப்பதால் ஒன்றும் ஆகாது. ஆபத்து தூசியில். தோரியம் வெளியிடும் ஆல்ஃபா துகள்களைத் தோல் தடுத்துவிடும். நுரையீரலுக்குள் போன தூசியைத் தடுக்க எதுவும் இல்லை. அதனால் மோனசைட்டை இடிக்காதீர்கள், அறுத்துப் பட்டை தீட்டாதீர்கள், பதக்கமாகக் கழுத்தில் போடாதீர்கள். மாதிரி கையில் இருந்தால் மூடியுள்ள டப்பாவில் வைத்து, படுக்கையறையில் வைக்காமல் தள்ளி வையுங்கள். தொட்டபின் கை கழுவுங்கள். அமிலம் ஊற்றிச் சோதிக்கும் எண்ணமும் வேண்டாம். இதைச் சிதைக்க ஆலைகளில் சூடான அடர் கந்தக அமிலமோ காரச் சோடாவோ தேவைப்படுகிறது. அது சமையலறையில் செய்கிற வேலை இல்லை.

கடைசியாக, பணம். 2021இல் லேடிஸ்மித் அருகே குவாஹ்லாதியில் வைரம் கிடைக்கிறது என்று ஊரே மண்வெட்டியோடு திரண்டது. சோதித்துப் பார்த்தபோது எல்லாம் குவார்ட்ஸ். மோனசைட் மணல் விற்கிறேன், பங்கு சேருங்கள் என்று யாராவது வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டின் கனிமங்களுக்கு அரசே காப்பாளர், அனுமதி இல்லாமல் தோண்டி விற்க முடியாது. கதிரியக்கப் பொருள் என்பதால் அணு ஒழுங்குமுறை அமைப்பின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசை என்றால், ஒரு சிட்டிகை மணலைப் பல்கலைக்கழகப் புவியியல் துறையில் காட்டுங்கள். எக்ஸ் கதிர்ச் சோதனை அது மோனசைட்டா இல்லையா என்று சொல்லிவிடும்.